உலோக நானோதுகள் உணரிகள் ஏன் தடுமாறுகின்றன? பாலிமர் உறை என்ன செய்கிறது?

2024 மார்ச்சில் பெங்களூரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் தண்ணீரை நம்பி நின்றபோது, அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் குடத்தில் நனைத்துப் பார்ப்பது வழக்கமாகிப்போனது. அதற்கு அடுத்தபடியாக ‘நானோ சென்சார்’, அதாவது மிக நுண்ணிய உலோகத் துகள்களால் ஆன உணரி, பற்றிய பேச்சும் பரவியது. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், பாதரசம் இருந்தால் நிறம் மாறிவிடும் என்கிறார்கள். பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) பூச்சு கொடுத்துவிட்டால் அது கெடவே கெடாது என்றும் சொல்கிறார்கள். அல்சூரில் மாலை வேளைகளில் நான் வேதியியல் சொல்லித்தரும் பட்டப்படிப்பு மாணவர்களிடமும் இந்த இரண்டு கூற்றுகள் அப்படியே புழங்குகின்றன.

இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் பாதிதான் உண்டு. பாதரசமே இல்லாத தண்ணீரிலும் நிறம் மாறக்கூடும். பாலிமர் பூச்சு கொடுத்த உணரியும் கெடக்கூடும். சில சமயங்களில் அந்தப் பூச்சினாலேயே உணரி வேலை செய்யாமல் போகக்கூடும். நிலைப்புத்தன்மை என்ற சொல்லை, எதை எதிர்த்து நிலைப்பது என்று கேட்காமலே நாம் பயன்படுத்துவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்பது என் எண்ணம். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி வேதியியல் நினைவிருந்தால் போதும், நினைவில்லாவிட்டாலும் பாதகமில்லை.

பாலிலிருந்து தொடங்கலாம்

பால் வெண்மையாக இருப்பதற்கு அதிலுள்ள கொழுப்புத் துளிகளோடு கேசீன் என்ற புரதத்தின் நுண்ணிய உருண்டைகளும் காரணம். அந்த உருண்டைகளின் விட்டம் பெரும்பாலும் 100 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். இவ்வளவு சிறிய துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் ஒரு திரவத்தில் பரவி மிதக்கும் கலவைக்குக் கூழ்மம் என்று பெயர்.

பாலில் இந்த உருண்டைகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. அப்படியிருந்தும் அவை ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலிருந்தும் காப்பா-கேசீன் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள் மயிரிழைகளைப்போல் வெளியே நீண்டிருக்கின்றன. இரண்டு உருண்டைகள் நெருங்கினால் முதலில் உரசுவது இந்த இழைகளே. உருண்டைகளின் உடல்கள் தொட்டுக்கொள்வதற்குள் அவை விலக்கப்பட்டுவிடுகின்றன. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் இழைகளின் மின்னூட்டம் குன்றி அவை மடிந்துவிடுகின்றன. காவல் போனதும் உருண்டைகள் ஒட்டித் திரள்கின்றன, பால் திரிகிறது. சீஸ் செய்பவர்கள் சேர்க்கும் ரென்னெட் நொதி வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது: இழைகளையே வெட்டிவிடுகிறது.

ஆறிய பாலில் சிட்டிகை உப்பைப் போட்டால் பால் உடனே திரிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இழைகள் இருக்கும்வரை அந்த உப்பால் உருண்டைகளை ஒன்றுசேர்க்க முடிவதில்லை. நாம் பேசப்போகும் தங்கத் துகள்களுக்குப் பிறவியிலேயே இப்படி இழைகள் கிடையாது. அவற்றை நாம்தான் ஒட்டிக் கொடுக்க வேண்டும். உலோக நானோதுகள்களுக்குப் பாலிமர் உறை போடுவது என்பதன் முதற்பொருள் இதுதான்.

தங்கம் சிவப்பாவதும் நீலமாவதும்

உணரி என்பது ஒரு பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் காணக்கூடிய சமிக்ஞையாக மாற்றித் தரும் கருவி. தங்க நானோதுகள்களை உணரியாக்கும் எண்ணம் எழுந்ததற்குக் காரணமே அவற்றின் நிறம். சுமார் 13 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்கள் நீரில் மிதந்தால் அந்த நீர் மஞ்சளாக இருக்காது, அடர்ந்த செந்நிறமாக இருக்கும். ஒளி பட்டதும் துகளுக்குள் இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக, ஒரே தாளத்தில் அலைகின்றன. இந்தக் கூட்டு அலைவுக்குப் பிளாஸ்மான் அதிர்வு என்று பெயர். இந்த அளவுள்ள தங்கத்தில் அது 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை வலுவாக விழுங்குகிறது; எஞ்சி வரும் ஒளி நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

இரண்டு துகள்கள் மிக நெருங்கி நின்றால் ஒன்றின் எலக்ட்ரான் அலைவு மற்றொன்றின் அலைவோடு பின்னிக்கொள்கிறது. அப்போது விழுங்கப்படும் ஒளி 600 நானோமீட்டரையும் தாண்டிச் செல்கிறது. கரைசல் ஊதாவாகி, பிறகு நீலமாகிறது. துகளின் பருமனோ தங்கத்தின் தன்மையோ மாறவில்லை. மாறியது துகள்களுக்கு நடுவிலுள்ள தூரம் மட்டுமே. மைக்கேல் ஃபாரடே 1857-இல் லண்டனில் தன் சிவந்த தங்க நீரைப் பற்றி எழுதியபோதே, உப்பைச் சேர்த்தால் அது நீலமாவதைக் கண்டு குறித்திருக்கிறார்.

இந்த நிறமாற்றத்தை ஒரு சமிக்ஞையாகப் பயன்படுத்தலாம். டி.என்.ஏ.வில் தைமின் என்ற கூறு உண்டு. பாதரச அயனி (மின்னூட்டம் பெற்ற பாதரச அணு) இரண்டு தைமின்களுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்தி அமரும் இயல்புடையது. தைமின் நிறைந்த சிறு இழைகளைத் தங்கத் துகள்களில் ஒட்டிவைத்தால், பாதரசம் வந்ததும் ஒரு துகளின் இழையும் மறு துகளின் இழையும் கோத்துக்கொள்கின்றன, துகள்கள் நெருங்குகின்றன, சிவப்பு நீலமாகிறது. தங்கத்தின் நிறம் சாதாரணச் சாயங்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதால், மிகக் குறைந்த அளவு தங்கமே கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தந்துவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: நிறம் சொல்வது துகள்களுக்கிடையிலான தூரத்தை. அந்தத் தூரத்தைக் குறைத்தது யார் என்று நிறம் சொல்வதில்லை.

உப்பும் கடின நீரும் கொடுக்கும் பொய்ச் சமிக்ஞை

தங்க நீரைத் தயாரிக்கும் பரவலான முறையை 1951-இல் ஜான் டர்கெவிச்சும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டை (எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு) சேர்க்க வேண்டும். சிட்ரேட்டே தங்க அயனிகளை உலோகமாக்குகிறது, பிறகு அதுவே துகளின் மேற்பரப்பில் படர்ந்து எதிர்மின்னூட்டத்தையும் தருகிறது. ஆகவே ஒவ்வொரு துகளும் எதிர்மின் தன்மையுடன் மிதக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன.

எதிர்மின் துகளைச் சுற்றி நீரிலுள்ள நேர்மின் அயனிகள் மேகமாகச் சூழ்ந்துகொள்கின்றன. துகளின் மின்னூட்டமும் அதைச் சூழ்ந்த இந்த மேகமும் சேர்ந்ததே மின் இரட்டை அடுக்கு. இரண்டு துகள்களின் மேகங்கள் உரசத் தொடங்கும் தூரத்திலேயே விலக்கமும் தொடங்குகிறது. நீரில் உப்பு மிகக் குறைவாக, லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் இருந்தால், இந்த மேகம் சுமார் 10 நானோமீட்டர் வரை பரந்திருக்கும். மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் 0.9 சதவீத உப்புநீரின் செறிவில் அது 0.8 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அணுக்களிடையே எப்போதும் இருக்கும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு, தூரம் குறையக் குறைய வேகமாக வலுக்கும் இயல்புடையது. மேகம் சுருங்கியதும் அந்த ஈர்ப்பு வென்றுவிடுகிறது, துகள்கள் பாலைப்போல் ஒட்டித் திரிகின்றன. விலக்கத்தையும் ஈர்ப்பையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த கோட்பாட்டை 1940-களில் டெர்யாகின், லாண்டவ் ஆகியோர் ஒருபுறமும், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் மறுபுறமும் தனித்தனியாக வகுத்தார்கள்.

பெங்களூருக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. சாதாரண உப்பிலுள்ள சோடியம் அயனிக்கு ஒற்றை நேர்மின்னூட்டம். கடின நீரிலுள்ள கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இரட்டை மின்னூட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஹார்டி–ஷூல்ஸ் விதி, மின்னூட்டம் கூடக்கூடத் திரிக்கும் ஆற்றல் மிகக் கடுமையாக ஏறும் என்கிறது. கோட்பாட்டின் உச்ச எல்லையில் இரட்டை மின்னூட்ட அயனி ஒற்றை மின்னூட்ட அயனியைப்போல் 64 மடங்கு வலிமையானது. நடைமுறையில் அந்த எண் மாறுபட்டாலும் போக்கு மாறுவதில்லை. நகரின் குழாய்களில் வரும் காவிரி நீரைவிட, வெளிவட்டப் பகுதிகளின் போர்வெல் நீர் பொதுவாகக் கடினமானது.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இன்படி குடிநீரின் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி உண்டு. பாதரசத்துக்கு உள்ள எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். ஏற்கத்தக்க எல்லையில் நிற்கும் நல்ல தண்ணீரிலேயே, நாம் தேடும் பாதரசத்தைப்போல் இரண்டு லட்சம் மடங்கு எடையில் கடினத்தன்மை இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். ஆய்வகத்தின் வாலைவடி நீரில் அழகாக வேலை செய்த தங்க நீர், டேங்கர் தண்ணீர் பட்டதும் நீலமாவதற்கு அந்தக் கால்சியமே போதும். அது பொய்ச் சமிக்ஞை. பாதரசமே இல்லாத தண்ணீரைப் பாதரசம் உள்ளது என்று அறிவித்து ஒரு குடும்பத்தைப் பதற வைக்கும் உணரியை நான் உணரி என்றே ஏற்கமாட்டேன்.

ஒரு சோதனைக் குழாயில் தெரியும் உண்மை

மாணவர்களுக்கு இதைக் காட்ட எளிய செய்முறை ஒன்று உண்டு. இரண்டு சோதனைக் குழாய்களில் ஒரே அளவு சிவந்த தங்க நீரை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றில் மட்டும் நீர்த்த ஜெலட்டின் கரைசல் சில சொட்டுகள் விட்டு, மெதுவாகச் சுழற்றிக் கலந்து, சற்று நேரம் வைக்கிறோம். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டிலும் 10 சதவீத உப்புக் கரைசலை விடுகிறோம். ஜெலட்டின் இல்லாத குழாயில் சொட்டு விழுந்த இடத்திலேயே ஊதா நிறம் விரிகிறது. குழாயைச் சாய்த்து நிமிர்த்துவதற்குள் முழுவதும் நீலச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. மறுநாள் பார்த்தால் அடியில் கரும்படிவு, மேலே தெளிந்த நீர். ஜெலட்டின் சேர்த்த குழாய் சிவப்பாகவே இருக்கிறது.

பாடநூலில் ‘தங்க எண்’ என்று வருவது இந்தச் சோதனையின் அளவுகோல்தான். ரிச்சர்ட் சிக்மாண்டி 1901-இல் இதை வகுத்தார். கூழ்மங்கள் பற்றிய ஆய்வுக்காக 1925-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 10 மில்லிலிட்டர் தங்க நீரில் ஒரு மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது நிறம் மாறாமல் காக்கத் தேவையான பாதுகாப்புப் பொருளின் குறைந்த அளவு, மில்லிகிராமில், அதுவே தங்க எண். ஜெலட்டினுக்கு அது 0.005 முதல் 0.01 வரை, உருளைக்கிழங்கு மாவுப்பொருளுக்குச் சுமார் 25. இரண்டுமே நீண்ட மூலக்கூறுகள்தாம். காக்கும் திறனில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு. பாலிமர் என்ற பெயர் மட்டும் ஒரு பொருளைப் பாதுகாவலனாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இந்த எண்ணில் இன்றைய உணரித் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே அடங்கியிருக்கிறது.

பாலிமர் இழை எப்படி விலக்குகிறது?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறு அலகுகள் பல வரிசையாகக் கோத்து உருவான நீண்ட சங்கிலி. நாம் தூக்கி எறியும் பிளாஸ்டிக் மட்டும் பாலிமர் அல்ல; ஜெலட்டின், மாவுப்பொருள், புரதங்கள், டி.என்.ஏ. எல்லாமே பாலிமர்கள். தங்கத் துகள்களுக்கு அதிகம் பயன்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். 5000 மூலக்கூறு எடையுள்ள பெக் சங்கிலி ஒன்றில் ஏறத்தாழ 113 அலகுகள் இருக்கும். அதன் ஒரு முனையில் கந்தக அணு ஒன்றைச் சேர்த்துவிட்டால், கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள வலுவான பிணைப்பினால் அந்த முனை துகளில் பதிந்துகொள்கிறது; மறு முனை நீருக்குள் நீண்டு அசைந்துகொண்டிருக்கிறது.

நீரை விரும்பும் இச்சங்கிலி ஒவ்வொரு கணமும் வளைந்து நெளிந்து எண்ணற்ற வடிவங்களை எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு துகள்களின் இழைக்கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய நேர்ந்தால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவதாக, இழைகளுக்கு அசைய இடம் குறைகிறது. அந்தக் கட்டுப்பாட்டை அவை எதிர்க்கின்றன. இரண்டாவதாக, நடுவில் பாலிமரின் செறிவு கூடிவிடுவதால், செறிவைச் சமப்படுத்த வெளியிலுள்ள நீர் உள்ளே பாய்ந்து துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததை இடத்தடை விலக்கம் என்கிறோம். மின்னூட்டமற்ற இழையின் விலக்கம் மின்னூட்டத்தைச் சார்ந்ததல்ல என்பதால் உப்பும் கால்சியமும் அதை எளிதில் குலைக்க முடிவதில்லை. துகள்களைச் சில நானோமீட்டர் தூரத்தில் நிறுத்திவிட்டாலே போதும். அந்தத் தூரத்தில் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு, நீரின் சாதாரண வெப்ப அசைவை வெல்ல வலுவற்றுப்போகிறது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இழைகள் துகளை அடர்த்தியாக மூட வேண்டும். பாலிமரைக் கஞ்சத்தனமாகச் சேர்த்தால், ஒரே சங்கிலியின் ஒரு பகுதி ஒரு துகளிலும் இன்னொரு பகுதி பக்கத்துத் துகளிலும் ஒட்டி, இரண்டையும் கட்டி இழுத்துவிடும். பாதுகாக்க வந்ததே திரிக்கத் தொடங்கும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கலங்கலைப் படியவைக்கச் சிறிதளவு பாலிமர் சேர்ப்பதும் இந்த விளைவை நம்பித்தான்.

அடுத்தது, இழை அந்தத் திரவத்தை விரும்ப வேண்டும். பாலிஐசோபுரோபைல் அக்ரிலமைடு என்றொரு பாலிமர் உண்டு. 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது நீரில் விரிந்து நிற்கும். அதற்கு மேலே நீரை உதறிவிட்டுச் சுருண்டுவிடும். வெப்பநிலையை அளக்க விரும்புபவருக்கு அது அருமையான பொருள். ஆனால் அந்த உறையோடு தண்ணீரைச் சோதிப்பவருக்குப் பெங்களூரின் ஏப்ரல் மாதக் காலையில் ஒரு விடையும் மதியத்தில் வேறொரு விடையும் கிடைக்கலாம்.

சுருக்கமாக: போதிய அளவு, போதிய அடர்த்தி, விரிந்து நிற்க ஏற்ற திரவம் இருந்தால் பாலிமர் உறை உப்பைத் தாங்கும்.

தடித்த உறை நல்ல உறையா?

“மேடம், அப்படின்னா பெக்கை இன்னும் தடிமனாப் போட்டுட்டா பிரச்சினையே இல்லையே?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தத் துறையைப் பற்றிய பேச்சில் மிகப் பரவலான தவறான எண்ணம் இதுதான். கேட்பதற்கு மிக நியாயமாகவும் தோன்றுகிறது. பதிலை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாதரசம் வந்தால் துகள்கள் நெருங்கி நீலமாகும் உணரியை எண்ணிப் பாருங்கள். துகள்கள் எந்தச் சூழலிலும் நெருங்கவே முடியாதபடி தடித்த உறையைப் போட்டுவிட்டால், கால்சியம் வந்தாலும் அவை சிவப்பாகவே இருக்கும். பாதரசம் வந்தாலும் சிவப்பாகவே இருக்கும். அந்தத் தங்க நீர் ஆண்டுக்கணக்கில் கெடாமல் அலமாரியில் இருக்கும், உணரியாக மட்டும் இருக்காது. நெருங்குவதையே சமிக்ஞையாகக் கொண்ட கருவியில் நெருங்காமல் தடுப்பதே குறிக்கோளாக முடியாது. தேடும் பொருளுக்கு மட்டும் இணங்கி, மற்ற எல்லாவற்றுக்கும் மறுக்கும் உறை வேண்டும். இதற்கு ஒரு வழி, குட்டையான பெக் இழைகளையும் அவற்றைவிட நீளமான உணர் இழைகளையும் கலந்து பதிப்பது. குட்டை இழைகள் துகள்களைத் தற்செயலாக ஒட்டாமல் காக்கின்றன. அவற்றுக்கு மேலே நீண்டிருக்கும் டி.என்.ஏ. இழைகள் பாதரசத்தைப் பற்றிக்கொள்கின்றன. இங்கே நீளத்தின் விகிதமும் எண்ணிக்கையின் விகிதமும் சரியாக அமைவதுதான் கைத்திறன்.

துகள்கள் நெருங்கத் தேவையில்லாத உணரிகளிலும் தடிமனுக்கு விலை உண்டு. தனித் துகளின் மேற்பரப்பில் ஏதாவது வந்து ஒட்டினாலே பிளாஸ்மான் அதிர்வின் அலைநீளம் சற்றே நகரும். அந்த நகர்வை அளக்கும் உணரிகள் உண்டு. ஆனால் துகளைச் சூழ்ந்து அந்த அதிர்வு உண்டாக்கும் மின்புலம் மேற்பரப்பிலிருந்து விலக விலக வேகமாகத் தேய்ந்து, துகளின் ஆரம் அளவுள்ள தூரத்துக்குள் பெருமளவு அடங்கிவிடுகிறது. 13 நானோமீட்டர் துகளுக்கு அது சில நானோமீட்டர் மட்டுமே. உறையே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், தேடும் மூலக்கூறு உறைக்கு வெளியே வந்து நிற்பது துகளுக்குத் தெரிவதே இல்லை. மூலக்கூறுகளின் ராமன் ஒளிச்சிதறலை (ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய கைரேகை போன்ற ஒளியை) பெருக்கிக் காட்டும் வெள்ளி, தங்க உணரிகளில் நிலைமை இன்னும் இறுக்கமானது. ஓரிரு நானோமீட்டர் விலகினாலே சமிக்ஞை சரிந்துவிடும். தடித்த உறைக்குள் மூலக்கூறு ஊடுருவிச் செல்ல நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

கொரோனா காலத்தில் நாம் பார்த்த விரைவுப் பரிசோதனை அட்டைகள் இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடு, பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் குவிந்து நிற்பதே. அங்கே நிறம் மாற வேண்டியதில்லை. துகள்கள் சிவப்பாகவே ஓடிவந்து கோட்டில் நின்றால் போதும். ஆகவே துகளை, தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிரணுப் புரதத்தாலும் (ஆன்டிபாடி), எஞ்சிய இடங்களை ஆல்புமின் போன்ற புரதத்தாலோ பெக்காலோ நன்றாக மூடிவிடலாம். திரியவே கூடாது என்பதுதான் அங்கே விதி. ஒரே தங்கம், ஒரே பாலிமர். உணரும் முறை வேறு என்பதால் நல்ல உறைக்கான இலக்கணமும் வேறு.

வெள்ளியும் பல்லேடியமும்: வேறு வகை நோய்கள்

தங்கத்துக்குப் பெரும்பாலும் திரிதல்தான் நோய். வெள்ளி அப்படியல்ல. அதன் பிளாஸ்மான் சமிக்ஞை தங்கத்தைவிடக் கூர்மையானது, விலையும் குறைவு. ஆனால் காற்றிலும் நீரிலும் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து வெள்ளி அயனிகளாகக் கரைகிறது. கழிவுநீர் கலந்த ஏரிகளின் கரையில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைக் கறுக்கவைக்கிறது. பி.வி.பி. என்று அழைக்கப்படும் பாலிவினைல் பிரோலிடோன் உறை வெள்ளித் துகள்கள் ஒட்டிக்கொள்வதை நன்றாகத் தடுக்கும். கரைவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நீரில் ஊறி விரிந்திருப்பதால்தான் அந்த உறை வேலை செய்கிறது. அதே ஈரத்தின் வழியாக ஆக்சிஜனும் உள்ளே வந்துவிடுகிறது. திரியாமை ஒன்று, கரையாமை இன்னொன்று.

வடிகட்டியாக வேலை செய்யும் உறைகளும் உண்டு. ஹைட்ரஜன் வாயு காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றக்கூடும்; கசிவை அதற்கு வெகு முன்பே கண்டறிய வேண்டும். பல்லேடியம் ஹைட்ரஜனைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும்போது அதன் ஒளியியல் பண்பு மாறுவதால் அது நல்ல உணரி. கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரஜன் நுழையும் வாசல் அடைபட்டுப்போகிறது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2019-இல் பல்லேடியம்–தங்கக் கலவை நானோதுகள்களின்மேல் இரண்டு பாலிமர்களை அடுக்கிக் காட்டியது. அக்ரிலிக் கண்ணாடியாக நாம் அறிந்த பி.எம்.எம்.ஏ. சிறிய ஹைட்ரஜனை உள்ளே விட்டுக் கார்பன் மோனாக்சைடைத் தடுத்தது. டெஃப்லான் வகைப் பாலிமர் ஹைட்ரஜன் உள்ளே செல்லும் வேகத்தைக் கூட்டியது. ஒரு நொடிக்குள் விடை தரும் உணரி அதனால் சாத்தியமாயிற்று. உறை போட்டால் வேகம் குறையும் என்ற பொது விதிக்கு இது ஒரு மகிழ்ச்சியான விலக்கு.

உறைக்கும் வயதாகும்

துகளைக் காக்கும் உறையும் என்றென்றும் நிலைப்பதில்லை. கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள பிணைப்பு காற்றிலும் வெப்பத்திலும் காலப்போக்கில் தளர்கிறது. சோதிக்கும் மாதிரியில் கந்தகம் கொண்ட வேறு மூலக்கூறுகள் இருந்தால் அவை பெக்கை இடம்பெயர்த்துத் தாங்கள் அமர்ந்துகொள்ளும். இரத்தத்திலும் செல்களிலும் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் ஏராளம். பெக்கும் ஒளியிலும் ஆக்சிஜனிலும் மெல்ல உடைகிறது. ஒரே இடத்தில் பற்றாமல் பல இடங்களில் பற்றிக்கொள்ளும் பாலிமர்களை வடிவமைப்பது இதற்கு ஒரு விடை. கடல் சிப்பிகள் பாறையில் ஒட்டிக்கொள்ளும் முறையைப் பார்த்து 2007-இல் அறிமுகமான பாலிடோபமைன் உறை, ஏறத்தாழ எந்தப் பரப்பிலும் பிடித்துக்கொள்வதால் பலருக்கும் விருப்பமானதாகிவிட்டது.

பயன்படுத்துவதற்கு முன் பெட்டிக்குள் காத்திருக்கும் காலம் தனிச் சோதனை. உலரும்போது நீர் குறையக் குறைய உப்பின் செறிவு ஏறித் துகள்கள் நெருக்கப்படுகின்றன. விரைவுப் பரிசோதனை அட்டைகளில் தங்கத்தைச் சர்க்கரையோடு சேர்த்து உலர்த்துவது இதனால்தான். உறைந்தாலும் இதே நெருக்கடி: பனிப்படிகம் தன்னுள் உப்பையும் துகளையும் ஏற்காமல் எஞ்சிய சிறிதளவு நீருக்குள் தள்ளிவிடுகிறது. அந்த அட்டைகளின் பெட்டிகள் பலவற்றில் 2 முதல் 30 டிகிரி வரை வைத்திருங்கள் என்று அச்சிட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் கீழ் எல்லையையும் கவனிக்க வேண்டும்.

‘நிலையானது’ என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

எந்த நீரில் சோதித்தார்கள் என்பதே முதல் கேள்வி. வாலைவடி நீரில் மூன்று மாதம் சிவப்பாக இருந்தது என்பது சேமிப்புக்கான சான்று. போர்வெல் நீரில் பயன்படும் என்பதற்குச் சான்று ஆகாது. அளவிடுவது கடினமல்ல. ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 520 நானோமீட்டரில் உள்ள உச்சியையும் 650 நானோமீட்டருக்கு அருகிலுள்ள அளவையும் ஒப்பிட்டால் போதும். இரண்டாவது ஏறினால் திரிதல் தொடங்கிவிட்டது என்று பொருள். கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும் கட்டத்திலேயே கருவி இதைப் பிடித்துவிடும்.

அடுத்து, உறை போட்ட பிறகு உணர்திறன் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்க வேண்டும். உறைக்கு முன்னும் பின்னும் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவைச் சேர்த்துச் சொல்லாத அறிக்கை பாதிக் கணக்கையே காட்டுகிறது. பாதரசமென்றால் அந்த அளவு, குடிநீருக்கான 0.001 மில்லிகிராம் எல்லைக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே மேசையில் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சோதிக்க வேண்டிய அதே தண்ணீரை இரண்டு பங்காக்கி, ஒன்றை அப்படியே சோதிக்க வேண்டும். மற்றொன்றில் தெரிந்த அளவு பாதரசத்தைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் செய்யக்கூடாது. பாதரசம் இல்லையென்று வேறு முறையில் உறுதியான தண்ணீரின் முதல் பங்கு நீலமானால் உறை போதவில்லை. பாதரசம் சேர்த்த இரண்டாவது பங்கு சிவப்பாகவே நின்றால் உறை மிகையாகிவிட்டது. முதலாவது சிவப்பாகவும் இரண்டாவது நீலமாகவும் வந்து, சில மாதங்கள் கழித்து அதே பெட்டியிலிருந்து எடுத்த துகள்களோடும் அப்படியே வந்தால், அந்த உணரியை அந்தத் தண்ணீருக்கு நிலையானது என்று எழுதலாம்.